ஒருவேளைக் குடும்பம்

கடலோர உணவுமுறைத் தேர்வு வாரியம் என்று ஒன்று தூத்துக்குடியில் இருப்பது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய பிறகுதான் பேபிக்குத் தெரியவந்தது. மனிதர்கள் தங்களுக்கு எந்த உணவு முறை பொருந்தும் என்று தெரியாமலேயே தின்று செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதற்காக வருந்தி, அந்த வருத்தத்தை வைத்துக்கொள்ள ஒரு கட்டடமும் இரண்டு ஜீப்புகளும் வாங்கியிருந்த வாரியம் அது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் இரண்டு மாதத்துக்கும் கடற்கரைக் குடும்பங்களுக்கு இலவச அரிசி கொடுக்கும் பொறுப்பை அந்த ஆண்டு இந்த வாரியத்திடம் விட்டிருந்தார்கள். அரிசியை ஆகாத பொருளாக நினைக்கும் வாரியத்திடம் அரிசியை ஒப்படைத்தது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பேபியின் புருசன் மரியான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மகள் டயானா ஏழு மாத வயிற்றோடு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருசன் கொல்லம் பக்கம் படகுக்குப் போயிருந்தான்; போன இடத்தில் எஞ்சின் பழுதாகி, அவனே அங்கே யாருடைய தயவிலோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரேசன் அரிசி பாதி மாதத்தோடு தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குப் பேபி நம்பியிருந்தது தடைக்கால அரிசியைத்தான். ஆகவே, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்து, அரிசி வேண்டுவோர் முதலில் 'உனக்கேற்ற உணவு' முகாமுக்கு வந்து தங்கள் உணவு முறையைக் கண்டுகொள்ள வேண்டும், வருவோருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உண்டு என்று சொன்னதும், அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சமுதாயக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய்விட்டாள்.

கூடத்தில் சுவரோரமாக மேசைகளைப் போட்டு, மேசைக்கு ஓர் உணவு முறையாக அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சிறுதானிய மேசைக்காரர் அரிசி விஷம் என்றார். ஆதிமனித உணவு மேசைக்காரர், சிறுதானியமும் விஷம்தான், மனிதன் குகையில் இருந்தபோது தின்ற இறைச்சியும் நெய்யும் ஊறவைத்த பாதாமும் போதும் என்றார். பாதாமுக்கு எங்கே போவது என்று பேபி கேட்டாள். குகைமனிதன் இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றார் அவர். அடுப்பில்லாமல் எல்லாவற்றையும் பச்சையாகத் தின்னும் முறையைச் சொல்லிக்கொடுத்த அம்மாள், கேஸ் தீர்ந்துபோன வீடுகளுக்கு இது ரொம்பப் பொருத்தம் என்று அன்பாகச் சொன்னாள். 'மத்தியதரைக் கடல் முறை' என்று எழுதியிருந்த மேசையைப் பார்த்ததும் பேபிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கடல் என்றால் மீன் இருக்குமே. மீன் உண்டு என்றுதான் அந்த அதிகாரியும் சொன்னார். ஆனால் அது அந்தக் கடல் மீனாக இருக்க வேண்டும், ஆலிவ் எண்ணெயில் சமைக்க வேண்டும். இந்தக் கடல் மீன் அந்த முறைக்குள் வராது. தவிர, இது தடைக்காலம் என்பதையும் அவர் அவளுக்கு நினைவுபடுத்தினார்.

அரிசி எந்த மேசையில் என்று பேபி கேட்டாள். தேவாலயத்தில் பூசை நடுவே யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி மேசையில் பானுப்ரியா இருந்தாள். சாகுபுரத்துப் பெண், உணவியல் படித்துவிட்டு முதல் வேலையாக இங்கே சேர்ந்திருந்தாள். அவள் ஒருத்திதான் பேபியை உட்காரச் சொன்னாள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

"காலையில ஒண்ணுமில்ல மேடம். வரக்காப்பி."

"சீனி போட்டா?"

"சீனி இருந்தா."

மத்தியானம் இருக்கிறதைப் புருசனுக்கும் மகளுக்கும் போடுவதாகவும், மிஞ்சினால் தான் தின்பதாகவும், மிஞ்சுவதில்லை என்றும் பேபி சொன்னாள். இருட்டின பிறகு எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் சட்டியில் கிடக்கிற கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்பாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, கல்யாணம் கட்டி வந்ததிலிருந்தே தடைக்காலம் என்றால் இப்படித்தான் என்றாள். பானுப்ரியாவின் பேனா நின்றுவிட்டது. அவள் எழுந்து போய் இயக்குநரைக் கூட்டிவந்தாள்.

இயக்குநர் முனைவர் கிருபாநிதி, சிப்பியைப் பிளந்ததும் பெரிய முத்தைக் கண்டவர்போலப் பேபியைப் பார்த்தார். ஒலிவாங்கியை வரவழைத்தார்.

"ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடறதுக்கு வெளிநாட்டுல பயிற்சி நிலையமே வச்சிருக்காங்க. பெரிய பெரிய பணக்காரங்க வருசக்கணக்கா முயற்சி பண்ணித் தோத்துப் போறாங்க. இந்தம்மா எந்தப் பயிற்சியும் இல்லாம, எந்த வசதியும் இல்லாம அதைச் சாதிச்சிருக்காங்க. வசதி இருந்திருந்தா இவங்களால இது முடிஞ்சிருக்குமா?"

முடிந்திருக்காது என்று எல்லா மேசைகளும் ஒப்புக்கொண்டன. அன்றைக்கு அவை ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பேபியின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. பொதுவாகவே அதிகமாக ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஓர் உணவு முறை என்பது வாரியத்தின் விதி. எனவே பேபி, மரியான், டயானா மூவரையும் சேர்த்து 'ஒருவேளைக் குடும்பம்' என்று அறிவித்து, சால்வை போட்டு, பெட்டகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அதைத் திறந்தபோது தடுப்புத் தடுப்பாகப் பிரித்த ஒரு தட்டும், அளவுக் கரண்டியும், தண்ணீர் பாட்டிலும், இடுப்பை அளக்கும் நாடாவும் இருந்தன. பேபி பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்தாள். மரியான் வேறு வேலை இல்லாததால் நாடாவை எடுத்துத் தன் இடுப்பை அளந்தான்.

அரிசி வாங்க, மூட்டைகளை அடுக்கிவைத்திருந்த வாரியத்தின் கிட்டங்கிக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்த செல்வதுரை ஒரு மெசினை நீட்டி விரலை வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. பச்சை வந்துவிட்டதே என்று பேபி சாக்கை விரித்தாள்.

"பச்சைன்னா ஒங்க வீட்டுக்கு அரிசி தேவையில்லைன்னு அர்த்தம் தாயி," என்றார் செல்வதுரை.

"அப்ப செவப்பு வந்தாத்தான் உண்டுமா அண்ணாச்சி?"

"செவப்புன்னா அரிசி ஆகாதுன்னு அர்த்தம். அவுகளுக்கும் கெடையாது."

அவளுக்கு முன்பே வந்து சிவப்பு வாங்கிப்போயிருந்தவள் பக்கத்து வீட்டுத் தேவகனி. முகாமில் பேபிக்குப் பெட்டகத்தை மட்டும் கொடுத்தனுப்பியதைக் கேள்விப்பட்டு, அவள் உஷாராக முகாமுக்குப் போய், தங்கள் வீட்டில் மூன்று வேளையும் வயிறு முட்டத் தின்கிறோம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று ஒரேயடியாகப் புளுகிவிட்டாள். வாரியம் பதறிப்போய் அவர்களை 'மிகையுண்ணும் குடும்பம்' என்று வகைப்படுத்தி, அவர்கள் உயிரைக் காப்பாற்றுவதற்காக அரிசியை நிறுத்திவிட்டது. பிறகு இந்த மூட்டையெல்லாம் யாருக்கு என்று பேபி கேட்டாள். அது தனக்குத் தெரியாது, எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் செல்வதுரை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

டயானாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, ரத்தம் ரொம்பக் குறைச்சலாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று நர்ஸ் கண்டித்தாள். பேபி அங்கிருந்து நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கிருபாநிதி அவளை உடனே உள்ளே அழைத்து, குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார். தங்களுக்கு இந்த முறை வேண்டாம், வேறு மாற்றிக்கொடுங்கள் என்று அவள் கேட்டாள்.

மாற்றலாம் என்றார் அவர். வாரியம் கதவை மூடி வைத்திருக்கவில்லை. ஆனால் முறையை மாற்ற விரும்பும் குடும்பம் மற்ற மேசைகளின் முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சில வாரங்கள் கடைப்பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் தனக்கு ஏன் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கான பாதாம், நெய், ஆலிவ் எண்ணெய் முதலியவற்றைக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்தால் 'பாரம்பரிய முறை' கிடைக்கும். அதில் அரிசி உண்டு. அரிசி பாரம்பரியமா என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். அது போன வாரம்கூடக் கூடி, மதியச் சாப்பாடு முடித்து, கலைந்தது.

மகள் மாசமாக இருக்கிறாள், வயிற்றில் இருக்கிற உயிருக்காவது ஒரு பங்கு அரிசி தரக்கூடாதா என்று பேபி கேட்டாள். கிருபாநிதி கண்களை மூடி யோசித்தார். அவர் கல்நெஞ்சர் இல்லை.

"வயித்துல இருக்கறவங்க இன்னும் எந்த முறையையும் தேர்வு செய்யலியேம்மா. தேர்வு செய்யாத ஒருத்தருக்கு நாங்க எதையாவது கொடுத்தா அது திணிப்பு. சாப்பாட்டு விஷயத்துல வாரியம் யார் மேலயும் எதையும் திணிக்காது."

"பசிக்குது சார்," என்றாள் பேபி.

"அது பசி இல்லம்மா. பழைய பழக்கம் நம்மள விட்டுப் போறப்ப போடுற சத்தம். எனக்கும் பதினோரு மணிக்குக் கேக்கும். ஒரு கைப்பிடி முந்திரிப்பருப்பு போட்டா அடங்கிடும்."

மாவட்டத்துக்கே முன்மாதிரியான குடும்பம் என்பதால் இனி வாரந்தோறும் வீட்டுக்கே வந்து எடை பார்ப்போம் என்றும் அவர் உறுதி கொடுத்தார்.

மரியான் உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். கடலில் பழகிய காலுக்கு உப்புப் பாத்தி ஒத்துவரவில்லை. பாதம் வெடித்துப் புண்ணாகி, ஒரு நாள் போனால் இரண்டு நாள் வீட்டில் கிடந்தான். போன நாளில் அரிசி வந்தது. போகாத நாளில், அங்கன்வாடியில் டயானாவுக்குக் கொடுத்த சத்துமாவைக் கரைத்து மூன்று பேரும் குடித்தார்கள். தான் மட்டும் குடிக்க டயானாவுக்கு மனம் வரவில்லை. பேபி தன் பங்கை மகள் தட்டில் ஊற்றுவாள். அவள் பார்க்காத நேரம் டயானா அதைத் திரும்பச் சட்டியில் ஊற்றிவைப்பாள். ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்ததில் கஞ்சிக்குத்தான் அலைச்சல். ஒரு நாள் பேபி குசினியில் அடுப்பு முன்னால் மயங்கி விழுந்தாள். எழுந்ததும், கால் வழுக்கிவிட்டது என்று சொல்லிவைத்தாள்.

வாரம் தவறாமல் பானுப்ரியா எடைக்கருவியோடு வந்தாள். ஏறி நின்றால் எடை நேராக அலுவலகத்துக்குப் போய்விடும் கருவி அது. ஒரு தடவை அவள் கைப்பையிலிருந்து தன்னுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து டயானாவின் பக்கம் தள்ளினாள். தயிர்சாதமும் ஊறுகாயும். டயானா டப்பாவைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தாள். பானுப்ரியா இன்னும் சில நாள் அப்படிக் கொண்டுவந்தாள். டயானாவின் எடை கொஞ்சம் ஏறியது. முன்மாதிரிக் குடும்பத்தில் எடை ஏறியது எப்படி என்று விளக்கம் கேட்டு அலுவலகம் பானுப்ரியாவை நிற்கவைத்துப் பேசியது. அதன்பின் அவள் டப்பா கொண்டுவரவில்லை. வந்தாலும் வாசலில் நின்றபடியே எடை பார்த்துவிட்டுப் போனாள்.

எட்டாம் மாதத்திலேயே டயானாவுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை என்று சொல்லத்தான் இருந்தது. நர்ஸ் ஒருத்தியே நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். மறுநாள் வரை மூச்சு இருந்தது. டாக்டர்கள் ஆனமட்டும் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு மரியானே பெட்டியைத் தூக்கிப்போனான். அதற்கு இரண்டு கை தேவைப்படவில்லை. கொல்லத்திலிருந்து மருமகன் வந்து சேர்ந்தபோது மண்கூடக் காய்ந்திருந்தது. அவன் டயானாவின் காலடியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பப் படகுக்குப் போனான்.

அடுத்த வாரமும் எடை பார்க்கிற நாள் வந்தது. பானுப்ரியாவுக்கு விஷயம் தெரியாது. வாசலிலிருந்தே வழக்கம்போல டயானாவைக் கூப்பிட்டாள். பேபி வேண்டாம் என்று சொல்லுமுன், சொன்னதைச் செய்து பழகிப்போயிருந்த டயானா சுவரைப் பிடித்து வந்து கருவியில் ஏறி நின்றாள். கருவி பாட்டுப் பாடியது. எடை குறைப்பில் மாவட்டத்திலேயே முதலிடம் என்று ஒரு பெண் குரல் வாழ்த்துச் சொன்னது. பானுப்ரியா டயானாவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கீழே மண்டியிட்டுப் பாட்டை நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். அது அவள் கைக்கு அகப்படவில்லை. பாட்டு முழுசாகப் பாடித்தான் ஓய்ந்தது.

கிருபாநிதி அன்று மாலையே பேபியை போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். நடந்ததை அவள் சொன்னாள். வருத்தமான விஷயம்தான், ஆனால் எடைக்கணக்கின் முடிவை முடிவாகத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர். வாரியத்தின் மாநாடு வருகிறது, சிறந்த குடும்பத்துக்கான விருதை அவளே மேடையில் வாங்கிக்கொள்ள வேண்டும், கார் அனுப்புகிறோம் என்றார்.

"போவாண்டாம்ளா," என்றான் மரியான். "அவனுவள்ட்ட என்ன பேச்சு."

"போறேன். நாலு பேரு முன்னால கேக்கணும்," என்றாள் பேபி.

மாநாடு ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஓட்டலில் நடந்தது. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மேடைக்கு எதிரே நாற்காலிகள். நாற்காலிகளுக்குப் பின்னால் நீளமாக மேசை போட்டு, மூடி போட்ட பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். மூடிக்குள்ளிருந்து வந்த மீன்குழம்பு வாசனையில் பேபிக்குத் தலை சுற்றியது. கிருபாநிதி பேசினார். அவர் உண்மையிலேயே உருகித்தான் பேசினார்.

"போன தடைக்காலம் வரைக்கும் இந்த மக்களுக்கு அரிசி மூட்டை மூட்டையாக் கொடுத்தாங்க. என்ன ஆச்சு? தின்னு தீர்த்துட்டாங்க. இந்த வருசம் நாங்க முறையைக் கொடுத்தோம். அரிசி ஒரு மணி குறையாம கிட்டங்கியில இருந்துச்சு. அதை வித்துத்தான் இந்த மாநாடு, நீங்க தங்கியிருக்கற ரூம், பின்னால இருக்கற விருந்து எல்லாம். வெளியில இருந்து ஒரு பைசா வாங்கல. முழுக்க முழுக்க இந்த மக்கள் சாப்பிடாம விட்டதுல இருந்து வந்தது. இதைவிட ஒரு சமூகத்துக்கு என்ன பெருமை வேணும்?"

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேபியின் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து, ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் அவள் வரிசையாக மனதில் வைத்திருந்தாள். வாய் திறந்தபோது வரிசை கலைந்துவிட்டது.

"எம்பொண்ணுக்குப் பொறந்த புள்ள செத்துப்போச்சு. அவளுக்குச் சோறு இல்ல. எங்களுக்கு முறை ஒண்ணும் தெரியாது சார். சோறு இருந்தா திம்போம். இல்லன்னா பட்டினி கெடப்போம். ஒங்ககிட்ட அரிசி இருந்துச்சு. ஏன் தரல?"

வெளிநாட்டுக்காரர்களுக்காக மொழிபெயர்க்க வைத்திருந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, உணவு இருக்கும்போது மட்டுமே உண்பது என்பதுதான் தங்கள் முன்னோர் வழி, இழப்பிலும் அதைக் கைவிடவில்லை என்று இந்தப் பெண் சொல்கிறார் என்றான். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள்.

பேபி கேடயத்தை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, நேராகப் பின்னால் போய் ஒரு மூடியைத் திறந்தாள். வெள்ளைச் சோறு. அடுத்ததில் சீலாமீன் குழம்பு. பரிமாற நின்றவன், இன்னும் நேரம் ஆகவில்லை என்று கரண்டியைக் குறுக்கே நீட்டினான். ஓரத்தில் நின்ற பானுப்ரியா வந்து அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். ஒரு தட்டை எடுத்துச் சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். தட்டு கொள்ளாமல் விளிம்பில் சரிந்தது.

பேபி கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றாள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்து செல்போனை உயர்த்திப் பிடித்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்து தின்றாள். ஓடிவந்த கிருபாநிதியின் முகம் ஒரு நொடி வெளுத்துப்போனது. ஒரே ஒரு நொடிதான். மேடையிலிருந்த ஒலிவாங்கியைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"யாரும் தடுக்காதீங்க. கவனிங்க. பக்கத்துல யார் நிக்கறாங்கன்னுகூட இவங்களுக்குத் தெரியல. மனசு முழுக்க ஒவ்வொரு பருக்கையிலயும் இருக்கு. இதுதான் மனமொன்றி உண்ணும் முறை. இவங்களுக்கு ஏற்றது எதுன்னு வாரியம் இன்னைக்குத்தான் சரியாக் கண்டுபிடிச்சிருக்கு."

கண்ணீரும் அந்த முறையில் அடக்கமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அது உயர்ந்த நிலை, எல்லோருக்கும் வாய்க்காது என்றார் கிருபாநிதி. மீண்டும் கைதட்டினார்கள்.

தட்டு காலியானதும் பேபி எழுந்தாள். கை கழுவவில்லை. மேசையிலிருந்த பெரிய வாழையிலையை உருவி, அதில் சோற்றையும் நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு மீனையும் வைத்து மடித்து, முந்தானையில் கட்டிக்கொண்டாள். எல்லோரும் சாப்பிட வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். கார் வேண்டாம் என்றுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் டயானா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பேபி அவளை எழுப்பி உட்காரவைத்து, இலையைப் பிரித்து மடியில் வைத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. டயானா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு வாய் எடுத்து வைத்து, மெல்லாமல், தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வீட்டுச் சோறும்மா?"

"நம்ம சோறுதாம்ளா," என்றாள் பேபி. "அவுக எடுத்து வச்சிருந்தாவ."